பெயர் எழுதப்படாத படங்கள்: புகைப்படங்களில் பழைய கொழும்பு

கொழும்பு நகரின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் ஒரு கோட்டையின் வரலாற்றையே எழுதியிருக்கின்றார்கள். போர்த்துக்கேயர் கட்டினர், ஒல்லாந்தர் மாற்றி அமைத்தனர், ஆங்கிலேயர் 1869ஆம் ஆண்டின் பின்னர் அதன் மதில்களை இடித்தனர். தேசாதிபதிகளின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஆனால் இந்த நகரில் அதிகாலையில் எழுந்து வேலைக்குப் போனவர் யார், எதில் ஏறிப் போனார், எந்தக் கடையில் தேநீர் குடித்தார், மழை வந்தபோது எங்கே ஒதுங்கினார் என்று கேட்டால் அந்நூல்களில் விடை அரிதாகவே கிடைக்கின்றது.

இக்கேள்விகளுக்கு ஓரளவேனும் விடை தருபவை பழைய புகைப்படங்கள். பத்திரிகைத் தொழிலில் இருந்த காலம் முழுவதும் கட்டுரைகளுக்காகப் பழைய படங்களைத் தேடுவது எனது வேலையின் ஒரு பகுதியாக இருந்தது. கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் கூடம், பழைய புத்தகக் கடைகள், தபாலட்டை சேகரிப்போரின் பெட்டிகள் என்று தேடியலைந்த காலம் போய், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்திலும் பிரித்தானிய நூலகத்திலும் உள்ள இலங்கைப் படங்கள் பலவற்றை வீட்டில் இருந்தபடியே கணினித் திரையில் பார்க்கக்கூடிய காலம் வந்துவிட்டது.

இவ்வாறு ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்த பின்னர் ஒரு விடயம் எனக்குத் தெளிவாகியது. எமது நகரத்தின் கட்டடங்களுக்குப் பெயர் உண்டு; வீதிகளுக்குப் பெயர் உண்டு; படம் எடுத்த நிறுவனத்துக்கும் பெயர் உண்டு. படத்தில் நிற்கும் மனிதருக்கு மட்டும் பெயர் இல்லை. அவர்களுக்குப் பெயர் இருந்த படங்களோ வேறொரு இடத்தில் இருந்தன. அவை என்னவாயின என்பதையும் இக்கட்டுரை பேச முற்படுகின்றது.

ஆளில்லாத வீதிகள்

1860களிலும் 1870களிலும் எடுக்கப்பட்ட கொழும்புப் படங்களை முதன்முதலில் பார்ப்பவருக்கு ஓர் ஐயம் எழும். வீதிகள் வெறிச்சோடிக் கிடக்கின்றன. கோட்டைப் பகுதியின் அகன்ற தெருக்களில் மரங்கள் நிற்கின்றன, மனிதரைக் காணவில்லை. அக்காலக் கொழும்பு அமைதியான சிற்றூராக இருந்தது போலும் என்று சிலர் எழுதியும் இருக்கின்றார்கள்.

இதற்குக் காரணம் நகரம் அன்று; இரசாயனம். அக்காலத்தில் வழக்கில் இருந்தது 1851இல் அறிமுகமான ஈரத் தகட்டு முறை. கண்ணாடித் தகட்டில் இரசாயனத்தைப் பூசி, அது காய்வதற்கு முன்னரே படம் எடுத்து, உடனேயே இருட்டறையில் கழுவிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பத்துப் பதினைந்து நிமிடங்களே கிடைக்கும். வெப்பமான நாட்டில் தகடு இன்னும் விரைவாகக் காய்ந்துவிடும். ஆகவே படப்பிடிப்பாளர் தமது இருட்டறையையே கூடாரமாகவோ வண்டியாகவோ உடன் கொண்டு திரிந்தார். கமராவின் கண் சில வினாடிகள் திறந்தே இருக்க வேண்டும். அந்த வினாடிகளில் நடந்து சென்றவர் படத்தில் பதியமாட்டார். பதிந்தாலும் புகைபோல ஒரு சுவடு மட்டுமே தெரியும். அசையாது நின்றவரே மனிதராகத் தெரிவார்.

எனவே அக்காலப் படம் ஒன்றில் தெளிவாகத் தெரியும் மனிதர் ஒன்றில் நிற்குமாறு பணிக்கப்பட்டவர். அல்லது வேலை எதுவுமின்றி நின்றவர். உழைத்துக்கொண்டிருந்தவர், சுமை தூக்கியவர், வண்டி ஓட்டியவர் ஆகியோர் அசைந்தபடியால் அழிந்து போயினர். பூதக்கண்ணாடி கொண்டு பார்த்தால் வீதியின் நடுவே சக்கரத்தின் மங்கிய வட்டமும், காளையின் நான்கு கால்களுக்குப் பதிலாக ஒரு நிழலும் தெரிவதுண்டு. 1880களில் உலர்ந்த தகடுகள் பரவலாகின. அதன் பின்னரே கொழும்பின் வீதிகள் படங்களில் திடீரென நிரம்பி வழிகின்றன. சனம் திடீரென வந்து குடியேறவில்லை. அவர்கள் முன்னரும் அங்கேதான் இருந்தார்கள்.

யாருக்காக எடுக்கப்பட்ட படங்கள்?

1869இல் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டது. 1875 டிசெம்பரில் வேல்ஸ் இளவரசர் கொழும்பு அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டினார். 1885இல் அச்சுவர் நிறைவு பெற்றபோது, அதுவரை காலித் துறைமுகத்துக்குச் சென்ற பெருங்கப்பல்கள் கொழும்புக்குத் திரும்பிவிட்டிருந்தன. ஐரோப்பாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் தூர கிழக்குக்கும் இடையே பயணம் செய்தவர்கள் நிலக்கரி ஏற்றும் நேரத்தில் கரைக்கு இறங்கிச் சில மணிநேரம் நகரைச் சுற்றிப் பார்த்தனர். அவர்களுக்கு நினைவுப் பொருளாகப் படங்கள் தேவைப்பட்டன.

1860களில் இருந்து ஸ்கீன் நிறுவனம், பின்னர் சார்ள்ஸ் ஸ்கோவன், 1890இல் தொடங்கிய பிளாட்டே நிறுவனம் என்று பல படப்பிடிப்பு நிலையங்கள் இத்தேவையில் வளர்ந்தன. 1902இல் பிரித்தானியாவில் தபாலட்டையின் பின்பக்கத்தை இரண்டாகப் பிரித்து விலாசத்தையும் செய்தியையும் அருகருகே எழுத அனுமதி கிடைத்ததும், முன்பக்கம் முழுவதும் படத்துக்கு உரியதாயிற்று. படத் தபாலட்டைகளின் பொற்காலம் அதன் பின்னர் வந்தது.

வாங்குபவர் கப்பற் பயணி என்றால், படமும் அவர் நடந்த பாதையிலேயே இருக்கும். இறங்குதுறை, 1875இல் திறக்கப்பட்ட கிராண்ட் ஓரியன்டல் ஹோட்டல், யோர்க் வீதி, காலிமுகத்திடல், கறுவாத்தோட்டம், கல்கிசை. புறக்கோட்டைக்குள் சில அடி தூரம். அங்கேயும் பழக்கடைகளும் சனக்கூட்டமும். கொட்டாஞ்சேனைக் குடியிருப்புகளோ, மருதானைப் புகையிரத வேலைத்தளமோ, தொழிலாளர் குடியிருந்த சிறு தோட்டங்களோ அரிதாகவே அகப்படுகின்றன. நூறு வருடங்களின் பின்னர் நாம் பழைய கொழும்பு என்று கருதுவது உண்மையில் ஒரு கப்பற் பயணியின் அரைநாட் கொழும்பாகும்.

மனிதர்களையும் படம் பிடித்தார்கள். ஆனால் மனிதர் என்ற வகையில் அன்று. மாதிரி என்ற வகையில். ‘தமிழ்ப் பெண்’, ‘செட்டி’, ‘மூர் வியாபாரி’, ‘றிக்ஷா இழுப்பவர்’ என்பன போன்ற தலைப்புகளே அட்டைகளில் அச்சிடப்பட்டன. நகை அணிந்து, திரைச்சீலை முன்னே நின்று, கமராவை நேராகப் பார்க்கும் அந்தப் பெண்ணுக்கு ஒரு தாயும் தந்தையும் வைத்த பெயர் நிச்சயமாக இருந்தது. அதைக் கேட்டு எழுத எவருக்கும் தோன்றவில்லை. பெயர் எழுதினால் அட்டை விற்காது என்பதும் ஒரு காரணம். பயணி வாங்கியது ஓர் ஆளின் படத்தையன்று, ஓர் இனத்தின் படத்தையே.

படத்தின் வயதைக் கணிப்பது

திகதி இல்லாத படத்தின் வயதை ஓரளவு கணிக்கலாம். பத்திரிகையில் எமக்குப் பயன்பட்ட சில தடயங்களை இங்கு தருகின்றேன். உங்கள் வீட்டுப் படங்களுக்கும் இவை உதவக்கூடும்.

காலிமுகத்திடலின் படம் என்றால் வடக்குப் பக்கத்தைப் பாருங்கள். தூண்கள் நிறைந்த பழைய பாராளுமன்றக் கட்டடம் 1930இல் திறக்கப்பட்டது. அது இருக்கவேண்டிய இடத்தில் வெறுமை இருந்தால் படம் அதற்கு முந்தியது. காலிமுக ஹோட்டல் 1864இல் தொடங்கியது. குதிரைப் பந்தயம் தெரிந்தால் அது 1893க்கு முந்தியதாக இருக்கலாம். அவ்வாண்டு பந்தயத் திடல் கறுவாத்தோட்டப் பக்கம் மாறியது. இன்று அங்கு நின்று மேற்கே பார்ப்பவருக்கு, 2014இல் தொடங்கி 2019இல் கடலை நிரப்பி முடிக்கப்பட்ட 269 ஹெக்டேயர் துறைமுக நகரம் தெரியும். எமது பேரப்பிள்ளைகளுக்கு அதுவே ஒரு காலக்குறியாக அமையும்.

கோட்டையில் மணிக்கூட்டுக் கோபுரம் 1857இல் கட்டப்பட்டது. பின்னர் அதுவே வெளிச்சவீடாகவும் பயன்பட்டது. பழைய படங்களில் அது எல்லாவற்றையும் விட உயர்ந்து நிற்கும். சுற்றியுள்ள கட்டடங்கள் உயர்ந்து ஒளியை மறைத்தமையால் 1952இல் அதன் விளக்கு ஓய்வு பெற்றது. யோர்க் வீதியில் சிவப்பு நிறக் கார்கில்ஸ் கட்டடம் 1906ஆம் ஆண்டுக்கு உரியது. கோட்டைப் புகையிரத நிலையம் 1917இல் திறக்கப்பட்டது. புறக்கோட்டை வாசலில் நிற்கும் கான் மணிக்கூட்டுக் கோபுரம் பார்சிக் குடும்பம் ஒன்றினால் 1923இல் அமைக்கப்பட்டது.

வாகனங்களும் பேசும். றிக்ஷா 1880களில் கொழும்புக்கு வந்தது. மின்சார ட்ராம் வண்டி 1899இல் ஓடத் தொடங்கி 1960இல் நின்றது. ட்ரொலி பஸ் 1953 முதல் 1964 வரை ஓடியது. வண்டி தெரியாவிட்டாலும் வீதிக்கு மேலே செல்லும் மின்கம்பியை எண்ணிப் பாருங்கள். ட்ராம் வண்டிக்கு ஒரு கம்பி போதும். மின்சாரம் தண்டவாளம் வழியாகத் திரும்பிச் செல்லும். ட்ரொலி பஸ்ஸுக்கு றப்பர்ச் சக்கரம். ஆகவே இரண்டு கம்பிகள் வேண்டும்.

மோட்டார் வாகனத்தின் இலக்கத் தகட்டையும் கவனியுங்கள். ஆங்கில எழுத்துகளின் இடத்துக்கு 1957ஆம் ஆண்டளவில் சிங்கள ‘ஸ்ரீ’ வந்தது. அவ்வெழுத்தை எதிர்த்துத் தமிழ்ப் பிரதேசங்களில் இயக்கம் நடந்தது. தெற்கில் தமிழ்ப் பெயர்ப் பலகைகளுக்குத் தார் பூசப்பட்டது. 1958 மே மாதத்தில் கலவரம் வெடித்தது. ஒரு சிறிய தகடு படத்தின் வயதை மட்டுமன்றி அக்காலத்தின் அச்சத்தையும் சொல்லிவிடுகின்றது.

ஓரங்களில் நிற்பவர்கள்

படப்பிடிப்பாளர் கட்டடத்தைப் படம் பிடித்தார். ஆனால் கமராவின் கண்ணுக்குள் அவர் அழைக்காதவர்களும் வந்து சேர்ந்தனர். எமது தேடலுக்கு அவர்களே முக்கியமானவர்கள்.

யோர்க் வீதியைக் காட்டும் தபாலட்டைகளில் கட்டடத்தின் நிழலில் றிக்ஷாக்கள் வரிசையாக நிற்கும். இழுப்பவர்கள் கைப்பிடிகளுக்கு இடையே குந்தியிருப்பார்கள். அவர்களில் பெரும்பாலானோர் தென்னிந்தியாவில் இருந்து வந்த தமிழர்கள். புறக்கோட்டைப் படங்களில் அரிசி மூடைகளை முதுகில் சுமந்து செல்லும் நாட்டாமைமாரைக் காணலாம். இன்றும் புறக்கோட்டையில் அந்தப் பெயரே வழங்குகின்றது. ஊர்த் தலைவரைக் குறித்த சொல், கொழும்பில் மூடை தூக்குபவரைக் குறிக்கும் சொல்லாக மாறிய கதை தனியே ஆராயத்தக்கது. துறைமுகப் படங்களில் வத்தைகளில் இருந்து கப்பலுக்குப் பலகை வழியே கூடைகளில் நிலக்கரி சுமக்கும் மனித வரிசை தெரியும். படத்தின் தலைப்போ கப்பலின் பெயராக இருக்கும்.

இந்த மனிதர்களைப் பற்றிய செய்தி வேறிடத்தில் இருக்கின்றது. படத்தையும் அந்தச் செய்தியையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஓர் உதாரணம் சொல்கின்றேன். எச். டபிள்யூ. கேவ் என்பவர் கொழும்பில் புத்தகக் கடையும் அச்சகமும் நடத்தியவர். சிறந்த படப்பிடிப்பாளரும் கூட. கொழும்பையும் களனிப் பள்ளத்தாக்கையும் பற்றிய அவரது அழகிய படநூல் 1893இல் வெளிவந்தது. அதே 1893இல் அவரது அச்சகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். இலங்கைத் தொழிற்சங்க வரலாற்றை ஆராய்ந்தவர்கள் இந்நாட்டின் முதலாவது வேலைநிறுத்தமாகக் கணிப்பது இதனையே. நாட்டின் முதலாவது தொழிற்சங்கமும் அதனை ஒட்டியே உருவாயிற்று. படநூல் நூலகங்களில் பத்திரமாக இருக்கின்றது. அந்த அச்சுக்கோப்பாளர்களின் முகங்களை நான் எங்கும் கண்டதில்லை. அச்சு மையின் வாசனையோடு வாழ்நாளைக் கழித்தவன் என்ற வகையில் அந்த வெற்றிடம் என்னைச் சற்று அதிகமாகவே உறுத்துகின்றது.

மாட்டு வண்டிகளும் அவ்வாறே. கொழும்புத் தபாலட்டைகளில் மாட்டு வண்டி போல விற்பனையான காட்சி குறைவு. கூடாரம் போட்ட வண்டி, கொம்பு நீண்ட காளை, தலைப்பாகை கட்டிய வண்டிக்காரர். பார்ப்பதற்கு அமைதியான கீழைத்தேயக் காட்சி. 1906இல் இதே வண்டிக்காரர்கள் மாநகர சபை நடைமுறைப்படுத்த முனைந்த விதியொன்றை எதிர்த்து வண்டிகளை நிறுத்தினர். துறைமுகத்துக்கும் களஞ்சியங்களுக்கும் இடையே பண்டப் போக்குவரத்து தடைப்பட்டபோதுதான் இந்நகரம் யாருடைய தோளில் ஓடியது என்பது பலருக்கும் புரிந்தது. 1927இல் துறைமுகத் தொழிலாளரும், 1929இல் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் ட்ராம் தொழிலாளரும் வேலைநிறுத்தம் செய்தனர். 1929இல் மருதானையில் கலவரம் மூண்டு, பொலிஸார் சுட்டு உயிர்கள் பலியாயின. ட்ராம் வண்டியை அழகிய பழம்பொருளாக நினைவுகூர்வோர் படத்தின் முன்தளத்தில் நிற்கும் அந்தச் சாரதியையும் ஒரு கணம் நோக்க வேண்டும்.

செட்டியார் தெரு

கொழும்புத் தமிழரின் அன்றாட வாழ்வைத் தேடுவோர் செட்டியார் தெருவுக்கு வராமல் இருக்க முடியாது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகளும் வட்டிக் கடைகளும் நிறைந்திருந்த தெரு அது. அரிசி இறக்குமதி, புடவை வியாபாரம், பெருந்தோட்டங்களுக்கும் சிறு வர்த்தகருக்கும் கடன் என்று நாட்டின் பணப்புழக்கத்தில் பெரும்பங்கு அந்தத் திண்ணைகளில் தீர்மானிக்கப்பட்டது. படங்களில் குறுகிய வீதி, இருபுறமும் தாழ்வாரங்கள், தாழ்வாரத்தில் சம்மணமிட்டு அமர்ந்த கணக்குப்பிள்ளைகள், கதிரேசன் கோயில்களின் கோபுரம். தெரு முடியும் இடத்தில் ஐந்துலாம்புச் சந்தி.

ஆண்டில் ஒரு தடவை இத்தெரு நகரம் முழுவதும் நீண்டது. ஆடிவேல் விழாவின்போது வேல் தாங்கிய இரதம் செட்டியார் தெருவில் இருந்து கோட்டை, காலிமுகத்திடல், காலி வீதி வழியாகப் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் சென்றது. அவ்விழாப் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தவை இரதத்தைக் காட்டுபவை அல்ல. இருமருங்கிலும் நிற்கும் சனத்தைக் காட்டுபவை. கரும்புக் கட்டுகளுடன் வியாபாரிகள், தோளில் குழந்தையுடன் தந்தையர், சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் கலந்து நெருக்கியடித்து நிற்கும் கூட்டம். யார் எவர் என்று பிரித்தறிய முடியாத அந்த நெருக்கத்தை எந்த ஆணைக்குழு அறிக்கையிலும் காணமுடியாது.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் பின்வந்த கட்டுப்பாடுகளும் செட்டியார்களை மெல்ல மெல்லத் திரும்பிப் போகச் செய்தன. றிக்ஷா இழுத்தவருக்கும் கரி சுமந்தவருக்கும் நாடே இல்லாது போயிற்று. கிட்டங்கிகள் இருந்த இடங்களில் இன்று நகைக் கடைகள் பளபளக்கின்றன. தெரு தன் பெயரை மட்டும் விடாது வைத்திருக்கின்றது.

பத்திரிகைக் காரியாலயத்தின் உறைகள்

கப்பற் பயணியின் கண்ணுக்கு மாற்றாகப் பத்திரிகைகளின் கண் இருந்திருக்க வேண்டுமல்லவா என்று நீங்கள் கேட்கலாம். 1930இல் வீரகேசரியும் 1932இல் தினகரனும் தோன்றின. அதன் பின்னர் தமிழரால், தமிழருக்காகப் படங்கள் வெளிவந்தன. ஆயினும் அங்கும் ஒரு வரையறை இருந்தது.

நான் தொழில் பழகிய காலத்தில் ஒவ்வொரு படத்துக்கும் துத்தநாகத்தில் புளொக் செய்ய வேண்டும். அதற்குச் செலவும் நேரமும் வேண்டும். ஆகவே அமைச்சர், அடிக்கல், ஆண்டு விழா என்பவற்றுக்கே இடம் கிடைத்தது. அச்சான பின்னர் படங்கள் கபில நிற உறைகளில் இடப்பட்டு அகரவரிசையில் அடுக்கப்படும். உறையின் மேலே எழுதப்பட்டிருப்பது பிரமுகரின் பெயர். ஓர் அமைச்சரின் படத்தைக் கேட்டால் இரண்டு நிமிடத்தில் கைக்கு வரும். 1950களின் வெள்ளவத்தைச் சந்தையின் படம் வேண்டும் என்றால் உறை இல்லை. அப்படி ஒரு படம் இருக்கவில்லை என்பதல்ல. அமைச்சர் சந்தைக்குச் சென்ற நாளில் அவருக்குப் பின்னால் சந்தை இருக்கும். ஆகவே அந்தச் சந்தையை நாம் அமைச்சரின் உறையில் தேடவேண்டியிருந்தது. மீன் விற்றவரின் பெயர் அங்கும் இல்லை.

யாழ்ப்பாணத்திலோ அதற்கும் வழியில்லாது போயிற்று. 1981 மே 31, ஜூன் 1 நாட்களில் சுமார் 97,000 நூல்களோடு பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது, ஈழநாடு பத்திரிகைக் காரியாலயமும் எரிக்கப்பட்டது. ஒரு பத்திரிகைக் காரியாலயம் எரிந்தால் அதன் இயந்திரங்களோடு ஓர் ஊரின் அன்றாட நினைவும் சேர்ந்தே எரிகின்றது.

பெயர் இருந்த படங்கள்

தொடக்கத்தில், மனிதருக்குப் பெயர் இருந்த படங்கள் வேறொரு இடத்தில் இருந்தன என்று எழுதினேன். அந்த இடம் எமது வீடுகள்.

1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை நிறைவுற்றதன் பின்னர், யாழ்ப்பாணத்து இளைஞர்கள் எழுதுவினைஞர்களாகவும் ஆசிரியர்களாகவும் கணக்காளர்களாகவும் கொழும்புக்கு வந்தபடியே இருந்தனர். மணமாகாதவர்கள் சேர்ந்து வீடெடுத்துச் சமறி வாழ்க்கை நடத்தினர். மாதக் கடைசியில் கடன், மாத முதலில் ஸ்டூடியோ. கழுத்துப்பட்டி அணிந்து நாற்காலியில் இருவரும் பின்னால் நால்வருமாக ஒரு குழுப்படம். பின்னர் கல்யாணப் படம், குழந்தையின் முதலாம் பிறந்தநாள், காலிமுகத்திடலில் குடும்பத்தோடு ஒரு படம், கோட்டை நிலையத்தில் 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவியின் அருகே ஒரு படம். இவற்றில் கட்டடம் பின்னணிக்குப் போய்விட்டது; மனிதர் முன்னே வந்துவிட்டார். படத்தின் பின்புறத்தில் மையினால் பெயரும் திகதியும் எழுதப்பட்டன. தபாலட்டை மறைத்த கொழும்பு இந்த அல்பங்களில் இருந்தது. வாடகை வீட்டின் முற்றம், கிணற்றடி, புதிதாக வாங்கிய வானொலிப் பெட்டி, அயல்வீட்டுச் சிங்களப் பிள்ளைகளோடு எடுத்த படம் எல்லாம் அங்கே இருந்தன.

1958இல் கப்பலேறி வடக்கே போனவர்கள் உடுத்த உடையோடு போனார்கள். 1977இலும் அப்படியே. 1983 ஜூலை 24ஆம் திகதி இரவு தொடங்கிய நாட்களில் கொழும்பில் தமிழர் வீடுகள் வீதி வீதியாக எரிக்கப்பட்டபோது, இரும்புப் பெட்டியில் இருந்த நகை சில வீடுகளில் தப்பியது. கண்ணாடி அலுமாரியில் இருந்த அல்பம் தப்பவில்லை. இழப்பீட்டு விண்ணப்பங்களில் தளபாடங்களை எழுதினார்கள், தையல் இயந்திரத்தை எழுதினார்கள், குளிரூட்டியை எழுதினார்கள். அல்பத்துக்கு விலை எழுத எந்த நிரலும் இருக்கவில்லை. தந்தையின் ஒரேயொரு படம் தேசிய அடையாள அட்டையில் இருந்ததுதான் என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும்.

இதன் விளைவு என்ன? சுவடிகள் கூடங்களில் பயணியின் கொழும்பு பத்திரமாக இருக்கின்றது. அதில் தமிழர் கூலியாகவும், செட்டியாகவும், பெயரில்லாத பெண்ணாகவும் நிற்கின்றனர். தமிழர் தம்மைத் தாமே எப்படிப் பார்த்தார்கள், எப்படிப் பார்க்கப்பட விரும்பினார்கள் என்பதைக் காட்டிய படங்கள் எரிந்துவிட்டன. எதிர்காலத்தில் கொழும்பின் அன்றாட வாழ்வை எழுத வரும் ஆய்வாளருக்கு முதலாவது வகைப் படங்களே கிடைக்கும். அவற்றை வைத்து எழுதப்படும் வரலாற்றில் நாம் ஓரத்தில் நிற்பவர்களாகவே இருப்போம்.

பிரதிகள் எங்கே?

ஆனால் எல்லாம் அழிந்துவிடவில்லை. அக்காலத்தில் ஸ்டூடியோவில் எடுத்த படம் ஒரு பிரதியோடு நிற்பதில்லை. ஒன்று ஊரில் இருந்த பெற்றோருக்கு, ஒன்று மலாயாவில் இருந்த பெரியப்பாவுக்கு, ஒன்று லண்டனில் படித்துக்கொண்டிருந்த தம்பிக்கு, கலியாணம் பேசும்போது மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒன்று. வீட்டில் இருந்த பிரதி எரிந்தது. தபாலில் போன பிரதி பிழைத்தது. இன்று கோலாலம்பூரிலும் லண்டனிலும் ரொறொன்ரோவிலும் சிட்னியிலும் அலுமாரிகளின் அடித்தட்டில் கிடக்கும் உறைகளில் கொழும்பின் காணாமற் போன பாதி இருக்கின்றது. இதை வாசிக்கும் உங்களில் சிலரிடம் அது இருக்கலாம்.

ஆகவே சில வேண்டுகோள்கள். முதலாவது, படத்தில் இருப்பவர்களின் பெயர்களை அறிந்த மூத்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். படத்தின் முகப்பில் அன்று. பின்புறத்தில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பெயர், உறவுமுறை, இடம், அண்ணளவான ஆண்டு ஆகிய நான்கும் போதும். இரண்டாவது, படத்தைப் பிரதி செய்யும்போது முகத்தை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். உங்கள் தாத்தாவுக்குப் பின்னால் தெரியும் கடைப் பலகை, வீதி விளக்கு, பஸ் வண்டி யாவும் நகரத்தின் வரலாறு. மூன்றாவது, பின்புறத்தையும் பிரதி செய்யுங்கள். ஸ்டூடியோவின் முத்திரையும் கையெழுத்தும் அங்கேதான் இருக்கும். நான்காவது, ஒரு பிரதியையேனும் வீட்டுக்கு வெளியே வையுங்கள். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களோடு ஏனைய ஆவணங்களையும் எண்ணிமமாக்கிப் பாதுகாத்து வருகின்றது. உங்கள் நாட்டில் உள்ள பல்கலைக்கழக நூலகங்களும் ஏற்றுக்கொள்ளக்கூடும். ஒரே அலுமாரியில் ஒரே பிரதியை வைத்திருந்தால் என்ன நேரும் என்பதை எமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்று படத்துக்குப் பஞ்சம் இல்லை. 2022இல் காலிமுகத்திடலில் மாதக்கணக்கில் மக்கள் கூடியிருந்தபோது, கையடக்கத் தொலைபேசிகளில் பதிவான படங்களை எண்ண முடியாது. ஆனால் பழைய குறை அப்படியே இருக்கின்றது. அந்த ஆயிரக்கணக்கான முகங்களில் எத்தனைக்கு எவரேனும் பெயர் எழுதி வைத்திருக்கின்றார்கள்? தேசாதிபதிகளின் படங்களுக்கும் அமைச்சர்களின் படங்களுக்கும் பெயர் எழுத அரசாங்கங்கள் ஆள் வைத்திருந்தன. எங்கள் வீட்டுப் படங்களுக்கு நாங்கள்தான் எழுத வேண்டும்.